தோராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்: கையின் செயல்பாடும் நரம்பின் நலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரல்கள் மரத்துப்போகின்றன, கொடியில் நாலு துணி காயப்போடுவதற்குள் கை கனத்துத் தானாகக் கீழே இறங்கிவிடுகிறது, சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் முன்போல் ஒத்துழைப்பதில்லை என்று சொல்லி மருத்துவரிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் கழுத்தெலும்பு வட்டிலோ முழங்கையிலோ மணிக்கட்டிலோ இருக்கும். சிலருக்கு மட்டும் அது காரை எலும்புக்குப் பின்னால், யாரும் எளிதில் தேடிப் பார்க்காத ஓர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் நெரிபடும்போது கைக்கு என்ன நேர்கிறது, நரம்புக்குள் என்ன நடக்கிறது, எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்குப் பொறுத்திருக்கக் கூடாது என்பவற்றை இந்தப் பக்கம் விளக்குகிறது.

தோராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்றால் என்ன?

கழுத்துத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் புய நரம்புப் பின்னல் என்ற வலையாகின்றன. தோள் முதல் விரல்நுனி வரை கையின் அசைவும் உணர்வும் பெரும்பாலும் இந்த வலையைச் சார்ந்தவை. இந்த வலையும், கைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியும், கையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரையும் காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள குறுகிய வழியாகவே அக்குளுக்குச் சென்றாக வேண்டும். அந்த வழியில் இவற்றுள் ஏதேனும் ஒன்று நெரிபடுவதால் உண்டாகும் தொல்லைகளின் தொகுப்பே தோராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். இந்தப் பெயரை 1956-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பீட் என்பவரும் அவருடைய சக மருத்துவர்களும் முன்வைத்தார்கள். நோயோ அதற்கு மிகவும் முற்பட்டது. லண்டனில் ஹோம்ஸ் கூட் என்ற அறுவை மருத்துவர் 1861-ஆம் ஆண்டிலேயே இத்தகைய தொல்லைக்காகக் கழுத்தில் இருந்த கூடுதல் விலா எலும்பை அகற்றியிருக்கிறார்.

நெருக்கடி நேரக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, கழுத்தின் பக்கவாட்டில் முதல் விலா எலும்பில் வந்து பதியும் முன் ஸ்கேலீன், நடு ஸ்கேலீன் என்ற இரண்டு தசைகளுக்கு இடையிலான முக்கோண இடைவெளி. நரம்புகளும் தமனியும் இதன் வழியாகச் செல்கின்றன, சிரை மட்டும் முன் தசைக்கும் முன்னால் விலகிச் செல்கிறது. இரண்டாவது, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நேர் நடுவில் உள்ள இடைவெளி. கையை மேலே தூக்கிப் பின்னால் சாய்க்கும்போது கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் நெருங்குவதைப் போல இந்த எலும்புகள் நெருங்குகின்றன. மூன்றாவது, மார்பின் முன்புறத்தில் பெக்டோரலிஸ் மைனர் என்ற சிறிய தசைக்கு அடியில் உள்ளது.

எல்லோருக்கும் இதே உடலமைப்புத்தானே? சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது?

எல்லோருக்கும் வழி ஒன்றுதான் என்றாலும் அதன் அகலம் ஒன்றல்ல. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து ஒரு கூடுதல் விலா எலும்பு வளர்ந்திருக்கும். வேறு சிலருக்கு அந்த முள்ளெலும்பின் பக்கநீட்சி இயல்பைவிட நீண்டு, அதன் முனையிலிருந்து முதல் விலா எலும்பு வரை நார்போன்ற ஒரு பட்டை இறுக்கிக் கட்டிய கயிறுபோல ஓடும். நரம்பு அந்தப் பட்டையின் மேல் மடங்கி ஏறி இறங்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் இந்தப் பட்டை தெரியாது.

இத்தகைய அமைப்போடு பிறந்தவர்களுள் பலர் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்ந்து முடிக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாவதாக ஒன்று வந்து சேரும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. வாகன விபத்தில் கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுக்கப்பட்டு ஸ்கேலீன் தசையில் தழும்பு விழுவது, காரை எலும்பு முறிந்து கோணலாகப் பொருந்துவது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தியே ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது, தோள்கள் முன்னோக்கிச் சரிந்து மார்புத் தசை குறுகிப்போவது ஆகியவை அத்தகைய காரணங்கள். சுவருக்கு வண்ணம் பூசுபவர்கள், கூரையில் மின்கம்பி இழுப்பவர்கள், நீச்சல் வீரர்கள், பந்தெறிபவர்கள், கைப்பந்து ஆடுபவர்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

எக்ஸ்ரேயில் எனக்குக் கழுத்து விலா எலும்பு இருப்பதாகச் சொன்னார்கள். அதை அகற்றிவிட வேண்டுமா?

தொல்லை இல்லையென்றால் வேண்டியதில்லை. ஏறத்தாழ 100 முதல் 200 பேரில் ஒருவருக்கு இந்த எலும்பு இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது, வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தென்படுகிறது. எலும்பு இருக்கிறது என்பதும் எலும்பால்தான் கை வலிக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவதை எக்ஸ்ரே சொல்லும், இரண்டாவதை முறையான பரிசோதனை மட்டுமே சொல்ல முடியும். ஆனால் விரல்கள் குளிர்ந்து வெளிறுவது, கைத்தசை மெலிவது போன்ற அறிகுறிகளோடு இந்த எலும்பும் இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இது கையின் அன்றாடச் செயல்பாட்டை எப்படிப் பாதிக்கிறது?

பெரும்பாலோர் முதலில் உணர்வது வலியைக்கூட அல்ல, ஒருவகை அசதியை. கை கீழே தொங்கும்போது ஒன்றும் தெரியாது. தலை வாரிச் சடை பின்னும்போது, பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும்போது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது, கரும்பலகையில் எழுதும்போது, ஒன்றிரண்டு நிமிடங்களில் கை கனத்து, உள்முழங்கை வழியாகச் சுண்டுவிரல் வரை மதமதப்பு இறங்குகிறது. கையை இறக்கி உதறினால் சரியாகிவிடுகிறது. இரவில் கையைத் தலைக்கு அடியில் வைத்து உறங்குபவர்கள் கை மரத்து விழித்துக்கொள்கிறார்கள். கழுத்தின் பக்கவாட்டிலும் காரை எலும்புக்கு மேலும் தோள்பட்டைக்குப் பின்னாலும் வலி பரவுவதுண்டு. சிலருக்குப் பின்தலையிலும் வலிக்கும்.

அடுத்த கட்டத்தில் நுண்மையான வேலைகள் பாதிக்கப்படுகின்றன. ஊசியில் நூல் கோப்பது, சாவியைத் திருப்புவது, பூக்கட்டுவது, காசை விரல்நுனியால் பொறுக்கி எடுப்பது ஆகியவற்றில் தடுமாற்றம் வருகிறது. கைப்பிடி தளர்ந்து, பிடித்த டம்ளர் நழுவுகிறது. இந்தக் கட்டத்தில் பலர் தங்களைத் தாங்களே குறைசொல்லிக்கொள்கிறார்கள், அல்லது வீட்டில் உள்ளவர்கள் கவனக்குறைவு என்கிறார்கள். கை நழுவவிடுவது பழக்கமாகும்போது அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்காமல் நரம்பு அனுப்பும் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையே இந்தப் பக்கத்தில் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் வலிக்கு மருத்துவரிடம் செல்பவர்கள் பிடித்தளர்ச்சிக்குச் செல்வதில்லை. நரம்பின் கணக்கிலோ பிடித்தளர்ச்சிதான் வலியைவிட அவசரமானது.

மரத்துப்போவது சுண்டுவிரல் பக்கம், தசை மெலிவது கட்டைவிரல் அடியில். இது எப்படிப் பொருந்தும்?

இந்த நோயை அடையாளம் காட்டும் மிக நுட்பமான குறிப்பு இந்த முரண்பாடுதான், ஆகவே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

கையில் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வைத் தருவது அல்நார் நரம்பு. கட்டைவிரலின் அடிமேட்டில் உள்ள தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது மீடியன் நரம்பு. அல்நார் நரம்பு முழங்கையில் நெரிபட்டால் சுண்டுவிரல் மரக்கும், விரல்களுக்கு இடையிலுள்ள தசைகள் மெலியும், ஆனால் கட்டைவிரல் மேடு பெரும்பாலும் தப்பிவிடும். மீடியன் நரம்பு மணிக்கட்டில் நெரிபட்டால், அதாவது கார்பல் டனல் சிண்ட்ரோம் வந்தால், கட்டைவிரல் மேடு மெலியும், ஆனால் மரப்பது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் நடுவிரலும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் நேராது. சுண்டுவிரலில் மரப்பும் கட்டைவிரல் மேட்டில் மெலிவும் ஒருங்கே இருந்தால், கைக்குள் எந்த ஒற்றை நரம்பைக் காட்டியும் அதை விளக்க முடியாது.

இரண்டு நரம்புகளுக்கும் உரிய இழைகள் ஒன்றாக ஓடும் இடத்தைத் தேடி மேலே ஏற வேண்டும். கழுத்தின் எட்டாம் வேரும் மார்பின் முதல் வேரும் சேர்ந்து புய நரம்புப் பின்னலின் கீழ்த்தண்டாகின்றன. சுண்டுவிரலின் உணர்வு, முன்கையின் உட்பக்கத் தோலின் உணர்வு, உள்ளங்கையின் சிறு தசைகளின் இயக்கம் ஆகிய மூன்றும் இந்தத் தண்டின் வழியாகவே செல்கின்றன. கட்டைவிரலின் உணர்வோ மேல் வேர்களின் வழியாகச் செல்வதால் பாதிக்கப்படுவதில்லை. கீழ்த்தண்டுதான் முதல் விலா எலும்பின் மேல் படிந்து செல்கிறது; கூடுதல் எலும்போ நார்ப்பட்டையோ இருந்தால் முதலில் அதன்மேல் உராய்வது இதுவே. மார்பின் முதல் வேர் அனைத்திலும் தாழ்வாக இருப்பதால் அதுவே அதிகம் இழுபடுகிறது. கட்டைவிரல் மேட்டுத் தசைகள் அந்த வேரையே பெரிதும் நம்பியிருப்பதால் முதலில் மெலிபவையும் அவையே. லண்டனில் கில்லியாட்டும் சக மருத்துவர்களும் 1970-இல் இந்தத் தோற்றத்தைத் தெளிவாக விவரித்தார்கள். அன்றிலிருந்து இது கில்லியாட்–சம்னர் கை என்று வழங்கப்படுகிறது.

இந்த முழுமையான தோற்றம் மிக அரிது. அதைவிடப் பல மடங்கு கூடுதலானவர்கள் வலியும் மரப்பும் மட்டும் உள்ளவர்கள். அவர்களிடம் தசை மெலிவு கண்ணுக்குத் தெரியாது.

நெரிபடும் நரம்புக்குள் என்ன நடக்கிறது?

நரம்பு ஒரு மின்கம்பிபோல் தோன்றினாலும் அது உயிருள்ள திசு. அதற்கும் ரத்த ஓட்டம் வேண்டும். மேலிருந்து அழுத்தம் வரும்போது முதலில் அடைபடுபவை நரம்பின் மேலும் உள்ளும் ஓடும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள். கையை உயர்த்தியதும் மரத்து, இறக்கியதும் தெளிவது இந்தக் கட்டம். இதில் நரம்பு சேதமடையவில்லை, மூச்சு முட்டி நிற்கிறது என்று சொல்லலாம்.

அழுத்தம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் நரம்பினுள் நீர் கோத்து, நாளடைவில் தழும்பாகிறது. நரம்பு தன் உறைக்குள் வழுக்கி நகரும் தன்மையை இழந்து சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கையை நீட்டும் ஒவ்வொரு முறையும் அது இழுபடுகிறது. இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறை தேய்ந்து செய்தி செல்லும் வேகம் குறைகிறது. இதுவரை வந்த சேதத்தைப் பெருமளவு மீட்க முடியும், ஏனென்றால் உறை வார அல்லது மாதக் கணக்கில் மீண்டும் வளரும்.

இதையும் தாண்டினால் உறைக்குள் உள்ள இழையே அறுகிறது. அறுந்த இழை மீண்டும் வளரும் என்றாலும் அதன் வேகம் தோராயமாக நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர்தான். கழுத்தின் அடியிலிருந்து உள்ளங்கைக்கு ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிமீட்டர் தொலைவு. அந்தத் தொலைவைக் கடக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். நரம்பின் தொடர்பை முற்றிலும் இழந்த தசையோ பொதுவாக 12 முதல் 18 மாதங்களுக்கு மேல் காத்திருப்பதில்லை. அதன்பின் அது நாராகவும் கொழுப்பாகவும் மாறத் தொடங்குகிறது. இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கைத்தசை முற்றிலும் சூம்பியபின் செய்யும் அறுவை வலியைப் போக்கினாலும், மேலும் மெலியாமல் காத்தாலும், போன தசையை ஏன் முழுமையாக மீட்பதில்லை என்பது விளங்கும்.

கை வீங்குவதும் நீலம் பாய்வதும் இதே நோயா?

அதே வழியில், நரம்புக்குப் பதிலாக ரத்தக்குழாய் நெரிபடும்போது வருவது அது. இந்த நோயாளிகளுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு நரம்பு வகையே இருக்கிறது. சிரை வகை ஒரு சிலருக்கும், தமனி வகை ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கும் வருகின்றன. எண்ணிக்கையில் குறைந்த இந்த இரண்டும் நாள்கணக்கில் காத்திருக்க முடியாதவை.

சிரை வகை பெரும்பாலும் திடகாத்திரமான இளைஞர்களுக்கே வருகிறது. கடுமையான உடற்பயிற்சிக்கோ சுமை தூக்கிய வேலைக்கோ பிறகு, ஓரிரு நாள்களுக்குள் கை முழுவதும் வீங்கிக் கனத்து நீலம் பாய்கிறது. தோளிலும் மார்பிலும் சிரைகள் புடைத்துத் தெரிகின்றன. உள்ளே சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது. இந்த நிலைக்குப் பேஜெட்–ஷ்ரோட்டர் நோய் என்று பெயர். உறைவைக் கரைக்கும் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் செய்தால் நன்கு பலன் தருகிறது. சுளுக்கு என்று எண்ணிப் பற்றுப்போட்டு அந்த நாள்களைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்தும் உண்டு என்பதால் இந்தக் காத்திருப்பு வேண்டாம்.

தமனி வகையில் விரல்கள் குளிர்ந்து வெளிறும், வேலை செய்தால் கை கடுக்கும், விரல்நுனியில் ஆறாத சிறு புண்கள் தோன்றும். இதில் ஏறக்குறைய எப்போதும் கழுத்து விலா எலும்போ வேறு எலும்புக் கோளாறோ இருக்கும். எலும்பில் உராய்ந்து உராய்ந்து தமனியின் சுவர் சேதமடைந்து, அதற்கு அடுத்த பகுதி பலூன்போல் விரிந்து, அங்கே உறையும் ரத்தத்தின் துணுக்குகள் விரல்களுக்குச் சிதறுகின்றன.

இதை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு ஜே. ஆர். ரிச்சர்ட் என்ற அமெரிக்கப் பேஸ்பால் வீரரின் வாழ்க்கை வேதனையான சான்று. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் பந்தெறிபவரான அவர் 1979-ஆம் ஆண்டுப் பருவத்தில் 313 ஆட்டக்காரர்களை வெளியேற்றியவர். 1980-இல் தம் கை செத்ததுபோல் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குச் சோம்பல் என்றும், நடிக்கிறார் என்றும் பேசியவர்கள் இருந்தார்கள். சோதனையில் வலக்கைத் தமனியில் அடைப்பு இருப்பது தெரிந்த சில நாள்களிலேயே, ஜூலை 30 அன்று பயிற்சியின்போது பக்கவாதம் தாக்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 30. வலக்கைத் தமனியும் வலப்பக்கக் கழுத்துத் தமனியும் ஒரே தண்டிலிருந்து கிளைப்பவை என்பதால், கையில் தொடங்கும் உறைவு பின்னோக்கி வளர்ந்து மூளைக்குச் செல்லும் பாதையை எட்ட முடியும். அவருக்குத் தோராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் இருந்தது பின்னர்த் தெரிந்தது. அவர் மீண்டும் முதல்நிலை ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை. கை சரியில்லை என்று ஒருவர் சொல்லும்போது, அதைச் சொல்பவரின் உடல்வலிமையைப் பார்த்து நாம் ஐயப்படக் கூடாது.

எந்தப் பரிசோதனையில் இது உறுதியாகத் தெரியும்?

ஒரே பரிசோதனையில் ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய நோய் அல்ல இது. மருத்துவர் முதலில் தொல்லையின் கதையைக் கேட்பார், காரை எலும்புக்கு மேலும் பெக்டோரலிஸ் மைனரின் மேலும் விரலால் அழுத்திப் பார்ப்பார், இரண்டு கைகளின் தசைமேடுகளையும் ஒப்பிடுவார். இரண்டு கைகளையும் தோள் உயரத்தில் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடக்கி, மூன்று நிமிடங்கள் விரல்களை மூடித் திறக்கச் சொல்வது ரூஸ் பரிசோதனை. நோயுள்ளவர்கள் பெரும்பாலும் நேரம் முடியும்முன் கையை இறக்கிவிடுகிறார்கள். தலையைத் திருப்பி மூச்சை இழுத்துப் பிடித்து, மணிக்கட்டில் நாடி மறைகிறதா என்று பார்ப்பது ஆட்சன் பரிசோதனை. இதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது, ஏனெனில் எந்த நோயும் இல்லாத பலருக்கும் கையை உயர்த்தினால் நாடி மங்குகிறது. நாடி மறைவதைவிட, உங்கள் வழக்கமான தொல்லை அப்படியே திரும்ப வருகிறதா என்பதே முக்கியம்.

கழுத்து எக்ஸ்ரே கூடுதல் எலும்பைக் காட்டும். கழுத்து எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் வட்டுப் பிதுக்கம் இல்லை என்று உறுதிசெய்துகொள்வதற்கே எடுக்கப்படுகிறது. ரத்தக்குழாய் ஐயம் இருந்தால் டாப்ளர் ஸ்கேனை கையை இறக்கியும் உயர்த்தியும் எடுப்பார்கள். முன் ஸ்கேலீன் தசைக்குள் ஸ்கேன் உதவியோடு மரப்பு மருந்தைச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. அதில் சில மணி நேரம் தொல்லை விலகினால் நோயின் இடம் அதுதான் என்ற நம்பிக்கை கூடுகிறது.

நரம்புக் கடத்தல் பரிசோதனை இயல்பாக இருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் எனக்கு ஒன்றும் இல்லையா?

அப்படிப் பொருள் கொள்ள வேண்டாம். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தையும் வலுவையும் அளக்கும் அந்தப் பரிசோதனை அறுந்த இழைகளையும் உறை தேய்ந்த இழைகளையும் நன்றாகக் காட்டும்; விட்டுவிட்டு நெரிபட்டுத் தெளியும் நரம்பை, அதுவும் கையைத் தாழ்த்திப் படுக்கவைத்துச் செய்யும்போது, அது பெரும்பாலும் காட்டாது. நரம்பு வகை நோயாளிகளில் பலருக்கு முடிவு இயல்பாகவே வருகிறது. அதைக் கேட்டு மனம் உடையாமல், இழைகள் இன்னும் அறுந்துபோகவில்லை என்ற நல்ல செய்தியாகவும் எடுத்துக்கொள்ளலாம். பரிசோதனை செய்பவர் முன்கையின் உட்பக்கத் தோலுக்குச் செல்லும் உணர்வு நரம்பையும் இரண்டு கைகளிலும் அளந்து ஒப்பிட வேண்டும். கீழ்த்தண்டு உண்மையிலேயே சேதமடையும்போது பெரும்பாலும் முதலில் குறைவது அந்த அளவுதான். வழக்கமான பட்டியலில் பல இடங்களில் அது விடுபட்டுப்போகிறது.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எந்தப் பரிசோதனையிலும் சான்று இல்லாத கைவலியை எல்லாம் இந்தப் பெயரில் அடைப்பதை நரம்பியல் மருத்துவர்கள் பலர் ஏற்பதில்லை. இந்த வகை குறித்த வாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஆகவே இந்த முடிவுக்கு விரைந்து வரும் மருத்துவரைவிட, மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வரும் மருத்துவரையே நான் நம்புவேன்.

வேறு எந்த நோய்கள் இதைப்போலத் தோன்றும்?

கழுத்து வட்டுப் பிதுக்கம், முழங்கையில் அல்நார் நரம்பு நெரிபடுதல், கார்பல் டனல், தோள்மூட்டுத் தசைநார்க் கிழிசல் ஆகியவை இதைவிட மிகப் பரவலானவை, எனவே முதலில் பார்க்கப்பட வேண்டியவை. நம் நாட்டில் கூடுதலாக இரண்டை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று தொழுநோய், அது அல்நார் நரம்பை விரும்பித் தாக்குவதால் சுண்டுவிரல் மரத்து மடங்கும், முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறுபோல் தடித்துக் கைக்குத் தட்டுப்படும், தோலில் உணர்வற்ற தேமல் இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்றொன்று ஹிராயாமா நோய். பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உள்ள ஆண்களுக்கு ஒரு கையின் தசைகள் வலியோ மரப்போ இன்றிச் சூம்பிவரும். 1959-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட இது இந்தியாவிலும் கணிசமாகக் காணப்படுகிறது.

புகைபிடிப்பவருக்கு உள்கை வலியோடு எடை குறைவும், ஒருபக்கக் கண்ணிமைத் தொய்வும் சேர்ந்தால் நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடக்கும்போது வந்து நின்றால் குறையும் இடக்கை வலி இதயத்திலிருந்து வரலாம்.

அறுவை இல்லாமல் குணமாகுமா?

தசை மெலிவோ ரத்தக்குழாய் பாதிப்போ இல்லாத நரம்பு வகையில் பெரும்பாலும் முதல் சிகிச்சை பிசியோதெரபிதான். பலருக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. குறைந்தது மூன்று மாதங்களாவது முறையாகச் செய்தபின்பே பலன் உண்டா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டும். இறுகிய ஸ்கேலீன் தசைகளையும் பெக்டோரலிஸ் மைனரையும் மெதுவாக நீட்டுவது, தோள்பட்டை எலும்பைப் பின்னிழுத்துத் தாங்கும் தசைகளை வலுப்படுத்துவது, கழுத்துத் தசைகளால் மார்பைத் தூக்கி மூச்சுவிடும் பழக்கத்தை விட்டு வயிற்றால் மூச்சுவிடப் பழகுவது ஆகியவை இதன் அடிப்படை. ஸ்கேலீன் தசைகள் மூச்சிழுக்கும் தசைகளும்கூட என்பதால், மேலோட்டமாக மூச்சுவிடுபவர்களுக்கு அவை நாள் முழுவதும் ஓய்வின்றி இறுகியே இருக்கின்றன. மூச்சுப்பயிற்சிக்கு இங்கே இடம் வந்ததற்கு இதுவே காரணம்.

பயிற்சி செய்தபின் மரப்பு அதிகமாகி மணிக்கணக்கில் நீடித்தால் அந்தப் பயிற்சி உங்களுக்கு இப்போது பொருந்தவில்லை என்று பொருள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். வலிக்கும் நரம்புவலிக்கும் மருத்துவர் மருந்து தருவார். ஸ்கேலீன் தசையில், தசையைத் தளர்த்தும் போட்யூலினம் ஊசி போடுவதும் உண்டு என்றாலும், 2011-இல் வெளிவந்த ஒரு கட்டுப்படுத்திய ஆய்வில் அது உப்புநீர் ஊசியைவிடத் தெளிவான பலன் தரவில்லை.

சுளுக்கு எடுப்பதும் கழுத்தை நெட்டி முறிப்பதும் உதவுமா?

கழுத்தை விசையோடு திருப்புவதைத் தவிர்க்க வேண்டும். காரை எலும்புக்கு மேலுள்ள குழியில் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. அங்கே தோலுக்குச் சற்று அடியிலேயே நரம்புப் பின்னலும் தமனியும் இருக்கின்றன. கை வீங்கியோ நிறம் மாறியோ இருக்கும்போது எந்த வகையிலும் பிடித்துவிடக் கூடாது, உள்ளே இருக்கும் உறைவு பெயரக்கூடும். முதுகிலும் தோள்பட்டையிலும் மென்மையாகப் பிடித்துவிடுவதால் தற்காலிக ஆறுதல் கிடைப்பதைப் பற்றித் தடை ஒன்றுமில்லை.

அறுவை எப்போது தேவைப்படும்? அதில் என்ன செய்கிறார்கள்?

கைத்தசை மெலியத் தொடங்கிவிட்டால், தமனி சேதமடைந்திருந்தால், சிரையில் உறைவு ஏற்பட்டுக் கரைக்கப்பட்டபின் மீண்டும் வராமல் தடுக்க வேண்டியிருந்தால், அல்லது மாதக்கணக்கில் ஒழுங்காகப் பிசியோதெரபி செய்தும் வேலையும் உறக்கமும் கெட்டுக்கொண்டே இருந்தால் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். காரை எலும்புக்கு மேலிருந்தோ அக்குளின் வழியாகவோ சென்று, முதல் விலா எலும்பையும், இருந்தால் கழுத்து விலா எலும்பையும் அகற்றி, ஸ்கேலீன் தசையையும் நார்ப்பட்டையையும் வெட்டி நரம்புக்கு இடம் செய்கிறார்கள். அக்குள் வழியை 1966-இல் ரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தார். முதல் விலா எலும்பு இல்லாமல் மூச்சுவிட முடியுமா என்று பலர் அஞ்சுகிறார்கள். அதை அகற்றுவதால் மூச்சுக்கோ தோளின் உறுதிக்கோ குறிப்பிடத்தக்க குறை நேர்வதில்லை.

அறுவையின் இடர்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுதல், பெரிய ரத்தக்குழாயிலிருந்து ரத்தக்கசிவு, உதரவிதானத்தை இயக்கும் நரம்போ தோள்பட்டையைப் பிடித்திருக்கும் நரம்போ காயப்படுதல், அரிதாகக் கைநரம்புகளே பாதிக்கப்படுதல் ஆகியவை நேரக்கூடும். தழும்பினால் தொல்லை திரும்புவதும் உண்டு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்பவரைவிட இதைத் தொடர்ந்து செய்துவரும் அறுவை மருத்துவரைத் தேடிச் செல்வது பொருத்தம். பிசியோதெரபியில் பலன் காணாத 50 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், அறுவை பெற்றவர்களின் கைச்செயல்பாடு மூன்று மாதங்களில் மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. சரியானவர்களைத் தேர்ந்தெடுத்தால் பலன் உண்டு என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அன்றாடம் நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

கையைத் தலைக்கு மேல் உயர்த்திச் செய்யும் வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, இடையிடையே கையை இறக்குங்கள். கொடியைத் தோள் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டலாம், பரணில் உள்ள அன்றாடப் பொருள்களைக் கீழே இறக்கி வைக்கலாம், ஏணியில் ஒரு படி கூடுதலாக ஏறி நின்று வேலை செய்யலாம். கனமான பையை ஒரே தோளில் மாட்டுவது காரை எலும்பை நேராகக் கீழே அழுத்துகிறது. அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கணினி முன் அமரும்போது முன்கைகளுக்கு மேசையோ நாற்காலியின் கையோ தாங்கல் கொடுக்க வேண்டும், தாங்கலற்றுத் தொங்கும் கையின் எடை முழுவதையும் கழுத்துத் தசைகள்தான் சுமக்கின்றன. நோயுள்ள பக்கமாகவோ கைகளைத் தலைக்கு மேல் வைத்தோ உறங்காமல், மல்லாந்து படுத்து முன்கைக்கு அடியில் சிறு தலையணை வைத்துக்கொள்ளலாம். பெரிய மார்பகங்களை உடைய பெண்களுக்கு உள்ளாடையின் மெல்லிய பட்டை தோளை அழுத்துவதும் தொல்லையைக் கூட்டும். அகலமான பட்டை உள்ளதை அணிவது உதவுகிறது.

எந்த மருத்துவரிடம் செல்வது? அவரிடம் என்ன சொல்வது?

மரப்பும் பலவீனமும் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் தொடங்கலாம். வீக்கம், நீலம், குளிர்ச்சி, விரல்நுனிப் புண் என்றால் அதே நாளில் ரத்தநாள அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தத் துறை பெரும்பாலும் உண்டு. செல்வதற்கு முன் ஒரு வாரம் குறிப்பெழுதுங்கள்: எந்த விரல்கள் மரக்கின்றன, கை எந்த நிலையில் இருக்கும்போது, எத்தனை நிமிடங்களில், எப்படி வைத்தால் தெளிகிறது. பழைய விபத்தையோ காரை எலும்பு முறிவையோ பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரல் மேடுகளைப் படமெடுத்து, மாதம் ஒருமுறை அதே கோணத்தில் மீண்டும் எடுத்து வையுங்கள். மெலிவு மிக மெதுவாக நடப்பதால் நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை. மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் மருத்துவருக்கு உடனே தெரிந்துவிடும்.